வழக்கு வேறு, பிள்ளை வேறு

என் மகனுக்கு அப்போது ஒன்பது வயது. 2022 மே மாதம் பாட்டி வீட்டில் மூன்று வாரம் இருந்துவிட்டு வந்தவன், வந்த நாளிலிருந்து வயிற்றுவலி என்றான். வெயில் சூடு, மாம்பழம், பூச்சி என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். குழந்தை டாக்டரிடம் மூன்று முறை போனோம். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் சேர்த்து 6,400 ரூபாய் ஆனது. எல்லாம் நார்மல். நான்கு வயதிலேயே நின்றுபோன படுக்கையை நனைக்கும் பழக்கம் திரும்ப வந்தது. குளிக்கப் போனால் கதவைச் சாத்தமாட்டான், ஆனால் நான் வாசலிலேயே நிற்க வேண்டும். 'இவ்வளவு பெரிய பையனுக்கு என்னடா பயம்?' என்று எரிந்து விழுந்திருக்கிறேன். கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார், நான் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். அப்பா இல்லாத ஏக்கம் என்று நானே ஒரு காரணத்தையும் சொல்லிக்கொண்டேன்.

ஜூன் கடைசியில் ஒரு ராத்திரி கரண்ட் போயிருந்தது. இருட்டில் விசிறிக்கொண்டே படுத்திருந்தோம். 'அம்மா, இனிமே மாமா வீட்டுக்குப் போக வேணாம்மா' என்றான். மாமா என்றால் என் சொந்த அண்ணன். யார் மடியில் உட்கார வைத்து இவனுக்குக் காது குத்தினோமோ, அவன். அதற்குப் பிறகு பிள்ளை சொன்னதை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஊர், மாதம், சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். என் பெயரையும் போடவில்லை. என் பெயர் தெரிந்தால் அவன் யார் என்று தெரிந்துவிடும். குழந்தையின் அடையாளம் வெளியே வரக்கூடாது என்று, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்ஸோ சட்டமே சொல்கிறது. தாயே என்றாலும் நியாயம் கேட்கும் ஆவேசத்தில் படத்தையும் பெயரையும் பகிர்ந்துவிடாதீர்கள்.

அந்த இருட்டில் நான் கேட்ட முதல் கேள்வி, 'ஏன்டா அப்பவே சொல்லல?' கோபமாகக் கேட்கவில்லை, அழுதுகொண்டேதான் கேட்டேன். ஆனால் பிற்பாடு கவுன்சிலரிடம் அவன் திரும்பத் திரும்பச் சொன்னது இந்த ஒரு வாக்கியத்தைத்தானாம். மாமா செய்தது ஒரு பக்கம், அதை உடனே சொல்லாதது தன் தப்பு என்ற நினைப்பு இன்னொரு பக்கம். அந்த இரண்டாவதை அவன் தலையில் வைத்தது நான். அதோடு நிற்காமல் மறுநாள் காலையில் நிதானமாக உட்கார வைத்து மறுபடி கேட்டேன், ராத்திரி வீடியோ காலில் அவன் அப்பாவிடம் மறுபடி சொல்ல வைத்தேன். உங்கள் பிள்ளை இப்படி ஒன்றைச் சொன்னால், 'சொன்னது நல்லது, உன் மேல தப்பே இல்ல, அம்மா பாத்துக்கறேன்' என்ற மூன்றைத் தவிர வேறெதுவும் அன்றைக்குத் தேவையில்லை. துருவாதீர்கள். 'இப்படிச் செஞ்சானா, அப்படிச் செஞ்சானா' என்று நீங்களே வார்த்தையை எடுத்துக் கொடுக்காதீர்கள். அவன் தூங்கியபிறகு, அவன் சொன்னதை அவன் வார்த்தையிலேயே, தேதி நேரம் போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். கடைக் கணக்கு டைரியின் கடைசிப் பக்கத்தில் பதினோரு வரி எழுதியிருந்தேன். எங்கள் விஷயம் தெரியவந்தபோது ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. சம்பவம் நடந்து மூன்று நாளுக்குள் தெரிந்தால் மட்டும் ஒன்றை நினைவில் வையுங்கள்: குளிப்பாட்டாமல், அன்று போட்டிருந்த துணியைத் துவைக்காமல், காகிதப் பையில் வைத்து, நேரே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தடயத்துக்கும் சரி, நோய்த்தொற்று தடுப்பு மருந்துக்கும் சரி, அந்த 72 மணி நேரம் முக்கியம். எஃப்.ஐ.ஆர். இருந்தால்தான் பார்ப்போம் என்று டாக்டர் சொல்ல முடியாது.

அப்புறம் பதினோரு நாள் ஒன்றுமே செய்யவில்லை. ஒன்றுமே செய்யவில்லை என்றால், அம்மாவிடம் போய் நின்றேன். அம்மா அண்ணனோடுதான் இருக்கிறாள். கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, 'சின்னப் புள்ள, எதையாவது கனவு கண்டிருக்கும்டி' என்றாள். அதற்கு மறுநாள், 'நடந்தே இருந்தாலும் ஆம்பளப் புள்ளதானே, அவனுக்கு என்ன கெட்டுப்போச்சு' என்றாள். ஒரே நாளில் 'நடக்கவே இல்லை' என்பதிலிருந்து 'நடந்தால் என்ன' என்பதற்கு வந்துவிட்டாள். பெரியப்பா, சித்தி, சித்தப்பா எல்லோரும் கூடி உட்கார்ந்தார்கள். அண்ணன் ஆறு மாதம் திருப்பூர் பக்கம் போய் இருப்பான், பூர்வீக நிலத்தில் என் பங்கை உடனே எழுதிக் கொடுத்துவிடுவார்கள், நான் வெளியே மூச்சு விடக்கூடாது. பஞ்சாயத்துத் தீர்ப்பு அதுதான். நான் 'யோசிக்கிறேன்' என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த வார்த்தையும் பிற்பாடு என்னைக் கடித்தது, அதற்கு வருகிறேன்.

முடிச்சை அவிழ்த்தது அந்தக் குழந்தை டாக்டர்தான். வயிற்றுவலிக்கு நான்காவது முறை போனபோது உடைந்துபோய்ச் சொல்லிவிட்டேன். அவர் பையனை வெளியே நர்ஸோடு உட்கார வைத்துவிட்டு, 'அம்மா, இதை நான் போலீஸுக்குச் சொல்லியே ஆகணும். சொல்லலேன்னா என் மேலேயே கேஸ் வரும்' என்றார். அந்த நிமிடம் எனக்கு அவர் மேல் வந்த ஆத்திரம் அண்ணன் மேல்கூட வரவில்லை. இப்போது நினைத்தால் அவருக்கு இருந்த கட்டாயம்தான் என்னைக் காப்பாற்றியது. டாக்டர், ஆசிரியர் என்று மட்டும் இல்லை, தெரிந்த யாராக இருந்தாலும் புகார் செய்தே ஆகவேண்டும், மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். புகார் செய்யாததற்காகப் பாதிக்கப்பட்ட குழந்தையைத் தண்டிக்க முடியாது, மற்றவர்களுக்கு அந்த விலக்கு இல்லை. இதைப் பெரியப்பாவிடம் போனில் சொன்னேன். 'தெரிஞ்சும் மறைச்சதுக்கு உங்க பேரும் வரும் பெரியப்பா.' அதற்குப் பிறகு அவர் சமாதானம் பேச வரவே இல்லை.

பக்கத்து ஸ்டேஷனில், மகளிர் ஸ்டேஷனுக்குப் போங்கள் என்றார்கள். அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் பையனைப் பார்த்துவிட்டு, 'பையனுக்கா?' என்று ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டார். பையனுக்கும்தான். பதினெட்டு வயதுக்குக் கீழே யாராக இருந்தாலும் போக்ஸோ சட்டத்தில் குழந்தை, ஆண் பெண் வித்தியாசமே கிடையாது. காலை பத்தரைக்குப் போனவர்கள் மாலை நாலரை வரை மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவன் மதியம் சாப்பிடவில்லை. மூன்று பேர் மூன்று முறை அவனைக் கேட்டார்கள், மூன்று பேரும் யூனிஃபார்மில். கடைசியில் சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கையில் கொடுத்து, 'விசாரிச்சுக் கூப்பிடுறோம்' என்றார்கள். சி.எஸ்.ஆர். என்பது உங்கள் மனு வந்து சேர்ந்தது என்பதற்கான சீட்டு, வழக்குப் பதிவு இல்லை. எனக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ஏதோ கேஸ் போட்டாயிற்று என்று ஐந்து நாள் நிம்மதியாக வேறு இருந்தேன்.

அன்றைக்கு எனக்குத் தெரியாமல் போனவை இவை. பிள்ளையை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போகவே வேண்டியதில்லை. வீட்டிலோ அவனுக்குப் பிடித்த வேறு இடத்திலோ வந்து வாக்குமூலம் வாங்க வேண்டும், கூடியவரை எஸ்.ஐ. அந்தஸ்துக்குக் குறையாத பெண் அதிகாரி, சாதாரண உடையில், நீங்களோ அவன் நம்பும் ஒருவரோ பக்கத்தில் இருக்க. ராத்திரி நேரத்தில் குழந்தையை ஸ்டேஷனில் வைத்திருக்கவே கூடாது. எஃப்.ஐ.ஆர். போட்டு அதன் நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள், பிள்ளையின் பாதுகாப்பை முடிவு செய்யும் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் போக வேண்டும். இதெல்லாம் சட்டத்திலேயே இருக்கிறது. அங்கே யாரும் கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன், அந்த எஸ்.ஐ. அம்மாவுக்கு அன்று பந்தோபஸ்து வேலையும் இருந்தது. ஆனால் நான் கேட்காததை யாரும் தானாக எடுத்துக் கொடுக்கவில்லை. ஆறாவது நாள் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அடித்தேன். அவர்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குச் சொன்னார்கள். மறுநாள் மாலையே எஃப்.ஐ.ஆர். ஆனது. முதல் நாளே அந்த எண்ணுக்கு அடித்திருந்தால் அந்த மர பெஞ்ச் எங்களுக்கு இல்லாமல் போயிருக்கும்.

மருத்துவப் பரிசோதனையில் உடம்பில் எந்தக் காயமும் இல்லை என்று வந்தது. அம்மா தரப்பில் இதைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். காயம் இல்லாததால் வழக்கு விழுந்துவிடாது, நாள் கடந்தால் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அங்கிருந்த பெண் டாக்டர் இதை இரண்டே வரியில் எனக்கு விளக்கினார், அந்த இரண்டு வரிக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன். மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம், எல்லோரும் பிரிவு எண்ணை வைத்து 164 என்று சொல்வது, 2024 ஜூலையில் சட்டம் மாறியபிறகு அதற்கு எண் 183, அது நான் பயந்த அளவுக்கு இல்லை. மாஜிஸ்திரேட் கறுப்புக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுப் பையனிடம் கிரிக்கெட் பேசிய பிறகுதான் ஆரம்பித்தார்.

குழந்தைகள் நலக் குழு முன் போனபோது, பிள்ளையை என்னிடமிருந்து பிரித்து ஹோமில் போட்டுவிடுவார்கள் என்று சித்தி கிளப்பிவிட்டிருந்தாள். நடுங்கிக்கொண்டு போனேன். குற்றம் செய்தவன் அதே வீட்டில் இருந்தாலோ, வீட்டில் பிள்ளைக்குப் பாதுகாப்பு இல்லை என்று பட்டாலோதான் அந்தக் கேள்வி வரும். எங்கள் வீடு வேறு, அண்ணன் வீடு வேறு என்பதால் அரை மணி நேரத்தில் அனுப்பிவிட்டார்கள். ஆனால் அங்கே நான் கேட்கத் தவறிய ஒன்று உண்டு: சப்போர்ட் பர்சன். வழக்கு முடியும்வரை ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, கோர்ட் என்று எங்கும் நம்மோடு வர, என்ன நடக்கிறது என்று சொல்ல, குழு ஒருவரை நியமிக்கலாம். எனக்கு அது தெரியவந்தது நான்காவது மாதம். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், இப்படி ஒருவர் வேண்டுமா வேண்டாமா என்பதைப் பெற்றோர் விருப்பத்துக்கு மட்டும் விட்டுவிடக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. நீங்கள் எழுதியே கேட்டுவிடுங்கள்.

அண்ணன் நாற்பத்தோராவது நாள் ஜாமீனில் வந்தான். எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை ஸ்கூட்டரில் பையனை முன்னால் நிறுத்திக்கொண்டு பெட்ரோல் பங்கில் நின்றேன். எதிர் வரிசையில் அவன். சிரிக்கவில்லை, முறைக்கவில்லை, சும்மா பார்த்தான். பையன் ஹேண்டில்பாரைப் பிடித்திருந்த கை வெளுத்துப்போனது தெரிந்தது, அடுத்த நிமிடம் என் செருப்பில் ஈரம். பங்க் பையன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான், வெயில் மயக்கம் என்று நினைத்துக்கொண்டு. கைது, ஜாமீன் மனு, விடுதலை, குற்றப்பத்திரிகை, விசாரணைத் தேதி எல்லாவற்றையும் குடும்பத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று போக்ஸோ விதியில் இருக்கிறது. அதை நம்பி உட்காராதீர்கள். ஜாமீன் மனு வந்தால் எனக்குத் தகவல் வேண்டும், என் தரப்பைக் கேட்க வேண்டும் என்று ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கி வையுங்கள். பள்ளிப் பக்கமும் வீட்டுப் பக்கமும் வரக்கூடாது என்று நிபந்தனை கேட்கலாம். நான் அதைக் கேட்டது பெட்ரோல் பங்குக்குப் பிறகு.

இப்போது நான் செய்ததிலேயே பெரிய தப்புக்கு வருகிறேன். தெரிந்தவர் மூலம் ஒரு தனி வக்கீலைப் பிடித்திருந்தேன். 35,000 ரூபாய் வாங்கினார், இரண்டு வாய்தாவுக்கு வந்தார். வழக்கை நடத்துவது அரசுத் தரப்பு வக்கீல், நமக்கென்று தனியாக வேண்டுமென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகவே கிடைப்பார், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்புகூடக் கிடையாது என்பதெல்லாம் பணம் போனபிறகுதான் தெரிந்தது. பணம் போகட்டும். அவர் ஒரு அறிவுரை சொன்னார்: 'சாட்சி சொல்லி முடிக்கிற வரைக்கும் கவுன்சிலிங் எதுக்கும் கூட்டிட்டுப் போகாதீங்க. சொல்லிக் கொடுத்த சாட்சின்னு எதிர்த்தரப்பு கெளப்பும்.' எனக்கு அது சரியாகவே பட்டது. வழக்கு ஜெயித்தால் பிள்ளை தேறிவிடுவான் என்று ஒரு கணக்கு என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. ஏழு மாதம் ஸ்டேஷன், கோர்ட், ஜெராக்ஸ் கடை என்று அலைந்தேன். கடையில் 31 நாள் சம்பளம் பிடித்தார்கள். ராத்திரி பையன் அலறி எழுந்தால், 'தைரியமா இரு, கோர்ட்ல நீதான் பேசணும்' என்று சொல்லித் தூங்கவைத்தேன். ஒன்பது வயதுப் பிள்ளையிடம். அவன் மூன்றாம் வகுப்பில் எழுதிய கையெழுத்தும் அந்த வருட அரையாண்டுத் தேர்வில் எழுதிய கையெழுத்தும் என்னிடம் இருக்கின்றன, இரண்டும் ஒரே பிள்ளை எழுதியது என்று சொல்லமாட்டீர்கள்.

2023 ஜனவரியில் ஒரு நாள் ஹோம்வொர்க் எழுதிக்கொண்டே தலை நிமிராமல் கேட்டான்: 'அம்மா, நான் பொய் சொன்னேன்னு சொல்லிடட்டுமா? பாட்டி நம்மகிட்ட பேசுவாங்கல்ல?' எனக்குக் கை கால் ஓடவில்லை. அன்று ராத்திரி ஒரு மணிக்கு மொட்டை மாடியில் நின்றுகொண்டு 14416க்குப் பேசினேன். அது அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், 2022 அக்டோபரில்தான் தொடங்கியிருந்தார்கள், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. எதிர்முனையில் இருந்த பெண் நான் அழுது முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள நினைப்பது இப்படிப்பட்ட பிள்ளைகளிடம் அடிக்கடி நடப்பது, முக்கியமாகக் கெடுதல் செய்தவர் குடும்பத்தாளாக இருந்தால், அதனால் முதலில் சொன்னது பொய் என்று ஆகாது என்றார். மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்டச் சொன்னார். அதற்கு முன்னால் ஒரு தனியார் உளவியலாளரிடம் இரண்டு முறை போனோம், முறைக்கு 800 ரூபாய். அவரிடம் குறையில்லை, எனக்குக் கட்டுப்படியாகவில்லை.

அரசு மருத்துவமனையில் எங்களுக்குக் கிடைத்த கவுன்சிலர் முதல் நாளே தெளிவாகச் சொன்னார்: 'கோர்ட்ல என்ன பேசணும்னு இங்க ஒரு வார்த்தை பேச மாட்டோம். நடந்ததைச் சொல்லுன்னு நானும் கேட்க மாட்டேன். அவன் தூக்கம், பயம், வயிறு இதுதான் என் வேலை. சாட்சி சொல்ற வரைக்கும் மருந்து போடாம இருங்கன்னு யாராவது ஒரு காயத்துக்குச் சொல்வாங்களா?' முதல் நான்கு வாரம் அவர்கள் செய்ததைப் பார்த்தால் விளையாட்டு மாதிரிதான் இருக்கும். காகிதத்தில் ஒரு உடம்பு வரைந்து, பயம் வந்தால் எங்கே தெரிகிறது, கோபம் வந்தால் எங்கே என்று கலர் அடிக்கச் சொன்னார். இவன் வயிறு முழுக்கக் கறுப்பு அடித்தான். ஸ்கேனில் தெரியாதது அந்தக் காகிதத்தில் தெரிந்தது. பயம் வரும்போது கண்ணில் படும் ஐந்து பொருள், தொடக்கூடிய நான்கு, காதில் விழும் மூன்று சத்தம், இரண்டு வாசனை, ஒரு ருசி என்று எண்ணப் பழக்கினார். அப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமாக, அவன் தயாரானபோது, நடந்ததைப் பற்றிய பேச்சு. அதில் பாதி நேரம் அவனோடு, பாதி நேரம் என்னோடு. எனக்கும் வீட்டுப்பாடம் உண்டு: தினமும் பத்து நிமிடம் அவன் சொல்லும் விளையாட்டு, அந்தப் பத்து நிமிடத்தில் கேள்வி கேட்கக் கூடாது, திருத்தக் கூடாது. கேட்பதற்குச் சுலபம், எனக்கு மூச்சு முட்டியது. பதினான்கு வாரம் போனோம். ஆறாவது வாரத்தில் படுக்கை நனைவது நின்றது. அந்த 'ஏன்டா அப்பவே சொல்லல'வுக்காக ஒரு நாள் அவன் முன்னால், கவுன்சிலர் அறையிலேயே, மன்னிப்புக் கேட்டேன். 'சரிம்மா' என்றான், வேறொன்றும் சொல்லவில்லை. நானும் தனியாக மாத்திரை எடுத்துக்கொண்டேன், எட்டு மாதம். வெட்கப்படவில்லை, இப்போது எழுதவும் வெட்கமில்லை.

அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லோரும் என்னைத்தான் திட்டினார்கள், அண்ணி மட்டும் ஒன்றுமே பேசாமல் இருந்தார். வழக்கு போட்டுப் பல மாதம் கழித்து ஒரு ராத்திரி தனியாக ஆட்டோவில் வந்தார். உள்ளே வரவில்லை, படியிலேயே நின்று, 'என் புள்ளைங்க ரெண்டு பேரையும் எப்படிக் கேக்கறது?' என்றார். அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள். அவர் அதுவரை தூங்காமல் அந்த இரண்டு பேருக்கும் நடுவில் பாயைப் போட்டுக் காவல் இருந்திருக்கிறார் என்று அப்புறம் தெரிந்தது. நீங்கள் கேட்க வேண்டாம் அண்ணி, கேட்கத் தெரிந்தவர் கேட்கட்டும் என்று அதே கவுன்சிலரிடம் அனுப்பினேன். அங்கே என்ன வந்தது என்பது அவர் கதை. ஒரு குடும்பத்தில் ஒரு குழந்தை வாய் திறந்தால், அந்த ஆள் புழங்கிய மற்ற வீடுகளின் குழந்தைகளையும் நினைக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

நான் சொன்ன அந்த 'யோசிக்கிறேன்' எப்படிக் கடித்தது என்பதற்கு வருகிறேன். வழக்கு நடக்கும்போதே, பணம் கரைந்து, தூக்கம் இல்லாமல், ஒரு ராத்திரி சித்திக்கு வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன்: 'என் பங்கைக் கொடுத்துடுங்க சித்தி, நான் எதுவும் பேசல, என்னால முடியல.' பதினேழு விநாடி. காலையில் அழித்துவிட்டேன், ஆனால் சித்தி சேமித்துவிட்டிருந்தாள். என் குறுக்கு விசாரணையில் அது கோர்ட்டில் ஒலித்தது. நிலத்துக்காகப் பிள்ளையைத் தூண்டிவிட்ட தாய் என்பதுதான் எதிர்த்தரப்பின் முழு வாதமே, அதற்கு நானே என் குரலைக் கொடுத்திருந்தேன். அன்று எங்களைத் தாங்கிப் பிடித்தது டைரியின் பதினோரு வரி. பஞ்சாயத்தில் நிலப் பேச்சு வருவதற்கு ஐந்து நாள் முன்னால் தேதி போட்டு எழுதியது. வழக்கு நடக்கும்போது எதிர்த்தரப்பு உறவுக்காரர்களிடம் சொத்து, பணம், சமாதானம் பற்றி ஒரு வார்த்தை பேசாதீர்கள், எழுதாதீர்கள். சமாதானம் ஆனாலும் போக்ஸோ வழக்கு தானாக முடியாது. அப்படி ஒரு சமரசத்தைக் காட்டி வழக்கை ரத்து செய்ததை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றே சொல்லிவிட்டது.

கோர்ட் தன் வேகத்தில் போனது. நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு எடுத்த முப்பது நாளுக்குள் குழந்தையின் சாட்சியத்தைப் பதிவு செய்ய வேண்டும், கூடியவரை ஒரு வருடத்தில் வழக்கை முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். எங்கள் பையன் சாட்சி சொன்னது 2024 பிப்ரவரியில், எஃப்.ஐ.ஆர். போட்டு ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. தேதி நெருங்க நெருங்கக் கெட்ட கனவு திரும்ப வந்தது. வரும் என்று கவுன்சிலர் முன்பே சொல்லியிருந்ததால் நான் பதறவில்லை. முந்தின வாரம் சப்போர்ட் பர்சன் அவனைக் காலியான கோர்ட் அறைக்கு அழைத்துப் போய், ஜட்ஜ் எங்கே உட்காருவார், நீ எங்கே, அம்மா எங்கே என்று காட்டிவிட்டு வந்தார். சாட்சி நாளன்று வராந்தாவில் பத்தடி தூரத்தில் அண்ணன் நின்றான். சப்போர்ட் பர்சன் எங்களைப் பக்கவாட்டு அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். சாட்சி சொல்லும்போது குற்றம் சாட்டப்பட்டவன் குழந்தையின் கண்ணில் படக்கூடாது, திரை வேண்டும் என்று அரசு வக்கீல் மூலம் முன்னாடியே எழுதிக் கேட்டிருந்தோம், ஒரு பச்சைத் திரை வைத்தார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து நேராக அவனிடம் கேட்க ஆரம்பித்தார். ஜட்ஜ் கையை உயர்த்தி, கேள்வியை என்னிடம் சொல்லுங்கள், நான் கேட்கிறேன் என்றார். அதுதான் சட்டமும். பையன் ஒன்றே கால் மணி நேரம் பேசினான், நடுவில் இரண்டு முறை பாத்ரூம் போக விட்டார்கள். வெளியே வந்து முதலில் கேட்டது, 'முடிஞ்சுதா, இல்ல இன்னொரு வாட்டி இருக்கா?'

இழப்பீட்டையும் பிந்தித்தான் கேட்டேன். தீர்ப்பு வந்து, குற்றம் நிரூபணமானால்தான் கிடைக்கும் என்று நினைத்திருந்தேன். எஃப்.ஐ.ஆர். ஆனதிலிருந்தே சிறப்பு நீதிமன்றத்தில் இடைக்கால இழப்பீடு கேட்கலாம், உத்தரவு வந்த முப்பது நாளில் மாநில அரசு கொடுக்க வேண்டும். எங்களுக்கு 50,000 ரூபாய் வந்தது. அவன் பெயரில் போட்டுவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பஸ் செலவுக்கு மட்டும் எடுத்தேன். பள்ளியில் வகுப்பாசிரியை ஒருவரிடம் மட்டும் சொன்னேன், அதுவும் முழுக்க இல்லை, 'கொஞ்ச நாள் வயித்துவலின்னா வீட்டுக்கு அனுப்பாம பக்கத்துல உக்கார வச்சுக்குங்க டீச்சர்' என்று. அவர் அதற்கு மேல் கேட்கவில்லை.

2025 மார்ச்சில் தீர்ப்பு. ரத்த உறவு என்பதால் சட்டப்படியே கூடுதல் கடுமையான பிரிவு, ஐந்து வருடம். நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருந்தேன். ஜெராக்ஸ் கடையில் தீர்ப்பு நகலுக்குக் காத்திருந்தபோது, சின்ன வயதில் அண்ணன் எனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்த தெரு ஞாபகம் வந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அது யாருக்காக என்று எனக்கே தெரியாது. அன்று மாலை பையன் கேட்ட ஒரே கேள்வி, நாளைக்கு ஸ்கூல் உண்டா என்பதுதான். அவனுடைய கணக்கில் அந்த வழக்கு ஒரு வருடம் முன்பே, பச்சைத் திரைக்குப் பின்னாலேயே முடிந்துபோயிருந்தது. அம்மா இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்கிறாள். மழை, கரண்ட், முழங்கால் வலி எல்லாம் பேசுகிறோம். பேரனிடம் போனைக் கொடு என்று இதுவரை கேட்டதில்லை.

அண்ணன் மேல்முறையீடு செய்திருக்கிறான், உயர் நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கிறது. அதனால் கோப்பைத் தூக்கிப்போட முடியாது. எஃப்.ஐ.ஆர். நகல், சீல் போட்ட மனுக்கள், டைரி, எல்லாம் ஒரு மஞ்சள் பையில் பீரோவின் மேல்தட்டில் இருக்கிறது. அவன் கைக்கு எட்டக்கூடாது என்றுதான் அங்கே வைத்தேன். போன மாதம் அதே தட்டிலிருந்து போர்வையை அவனே எடுத்துக்கொண்டான். பையை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும்.